கவிதையை வகுப்பில் நடத்துவது எப்படி? ஆசிரியர் பயிற்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்யுள் நடத்தும் ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் பல வருடங்கள் கருத்தாளராக, அதாவது பயிற்சி நடத்துபவராக, இருந்திருக்கிறேன். அரங்கில் எழுந்து நின்று கேட்கும் கேள்விகளைவிட, இடைவேளையில் ஓரமாக வந்து தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளில்தான் உண்மையான கவலை இருக்கும். அவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். பயிற்சிக்குப் போகிற ஆசிரியருக்கும் பயிற்சி நடத்தப் போகிறவருக்கும் சேர்த்தே எழுதியது இது.

இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவருக்குக் கவிதை நடத்தத் தனியாகப் பயிற்சி எதற்கு?

கவிதையைப் பற்றி நமக்கு நிறையத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு கவிதைக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நமக்கு எப்படி நடத்தினார்களோ அப்படியே நாமும் நடத்துகிறோம். பாட்டை ஒருமுறை படிப்பது, நூற்குறிப்பு, சொற்பொருள், பொழிப்புரை, அணி, இலக்கணக்குறிப்பு, அப்புறம் வினா விடை. இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். மாணவர் கவிதையோடு தனியாக இருக்கும் நேரம் இதில் எங்கேயும் கிடையாது. கவிதையைப் பற்றிய உரைநடையோடுதான் அவர் முழு நேரமும் இருக்கிறார்.

பொழிப்புரை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உரையாசிரியர்கள் இல்லாமல் பழம்பாடல்கள் பலவற்றை நாமே படித்திருக்க முடியாது. அது எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் சிக்கல். பாட்டைக் கேட்ட மறு நிமிடமே பொருள் வந்துவிட்டால், மாணவர் தேடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே பயிற்சியில் ஆசிரியர் முதன்மையாகப் பழக வேண்டியது, விளக்கத்தைத் தள்ளிப்போடுவதற்கு. பத்து நிமிடம் விளக்காமல் வகுப்பில் நின்று பாருங்கள், அது எவ்வளவு பெரிய பாடு என்று தெரியும்.

படைப்பாற்றலோடு நடத்துவது என்றால் ஆட்டம், பாட்டு, நாடகம் என்று வகுப்பைக் கலகலப்பாக்குவதா?

கலகலப்பு தானாக வந்தால் வரட்டும். ஆனால் ஒருமுறை ஒரு மாதிரி வகுப்பைப் பார்த்தேன். மழையைப் பற்றிய கவிதை. பிள்ளைகள் காகிதத்தில் மேகம் வெட்டினார்கள், கையைத் தட்டி மழை ஓசை எழுப்பினார்கள், சுற்றிச் சுற்றி ஆடினார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. மணி அடித்த பிறகு நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, "பாட்டில் ஒரு வரி சொல்லு" என்றேன். ஒருவருக்கும் வரவில்லை.

எந்த உத்தியையும் நான் ஒரே கேள்வியால் சோதிக்கிறேன்: இது மாணவரை மறுபடியும் கவிதையின் சொற்களிடம் அனுப்புகிறதா? அனுப்பினால் வைத்துக்கொள்ளலாம். படம் வரைவதுகூட அப்படித்தான். "கவிதையைப் படமாக வரை" என்றால் ஒரு மரமும் சூரியனும் வரும். "கவிதையில் சொல்லியிருப்பது மட்டும் படத்தில் இருக்க வேண்டும், சொல்லாத எதுவும் இருக்கக் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். வரிக்கு வரி திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள்.

பயிற்சியின் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

கருத்தாளர் பேசாமல் இருக்க வேண்டும். திரையில் படக்காட்சி வேண்டாம், கவிதை என்றால் என்ன என்ற விளக்கமும் வேண்டாம். பெரும்பாலும் யாரும் படித்திராத ஒரு சிறு கவிதையை, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு தாளில் கொடுங்கள். மௌனமாகப் படிக்கட்டும். பிறகு இரண்டு பேர், இரண்டு வேறு குரல்களில், உரக்கப் படிக்கட்டும். தன்னை நிறுத்திய ஒரு வரியின் கீழ் ஒவ்வொருவரும் கோடு போடட்டும். அடுத்து ஐந்து நிமிடம் எழுத்து வேலை. "இந்த வரியில் நான் நின்றுவிட்டேன், ஏனென்றால்..." என்று தொடங்க வேண்டும். பொருளைப் பற்றிய பேச்சே இல்லை.

இந்த இடத்தில் அரங்கில் ஒரு நெளிவு தெரியும். "யார் எழுதியது சார்?" என்று ஒருவர் கேட்பார். "எந்தக் காலத்துப் பாட்டு?" என்று இன்னொருவர். பெயர் தெரிந்தால் எப்படி உணர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார். பெயர் நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதி வாங்கினார். அப்படி 13 கவிதைகளுக்கு வந்த எழுத்துகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். நன்றாகப் படித்த மாணவர்களே தடுமாறியிருந்தார்கள். கவிதையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அந்தப் பொருளைப் பற்றி ஏற்கெனவே மனதில் இருந்த வழக்கமான உணர்ச்சியையே பலர் எழுதியிருந்தார்கள். இதைச் சொன்னதும் அரங்கில் இறுக்கம் குறையும்.

"தப்பாகச் சொல்லிவிடுவேனோ" என்ற பயம் ஆசிரியருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் வர வேண்டும். அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தினமும் வருகிறது.

நான் ஒரு கவிதைகூட எழுதியதில்லை. பயிற்சியில் எழுதித்தான் ஆக வேண்டுமா?

ஆமாம், எழுத வேண்டும். அச்சுக்குப் போக வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டக்கூட வேண்டாம். ஆனால் எழுதிப் பார்க்காத ஆசிரியர் மாணவரின் தாளைப் பார்த்து "இன்னும் நன்றாக எழுது" என்று மட்டும்தான் சொல்ல முடியும். எழுதிப் பார்த்தவருக்கு எந்த இடத்தில் கை நிற்கும் என்று தெரியும்.

நான் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற குறுந்தொகைப் பாட்டு தமிழாசிரியர் எல்லோருக்கும் மனப்பாடம். அதைக் கரும்பலகையில் எழுதி, "செம்புலப் பெயல்நீர்" (செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்) என்பதை மட்டும் அழித்துவிடுவேன். "... போல, அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே." இப்போது அந்த இடத்தில் உங்கள் உவமை ஒன்றை வையுங்கள் என்பேன். முதலில் வருவது பாலும் தண்ணீரும், பூவும் மணமும், நகமும் சதையும். எல்லாம் பழக்கத்திலிருந்து வருபவை. "இன்னும் ஐந்து எழுதுங்கள், கண்ணால் பார்த்தது மட்டும்" என்றால் முனகல் கேட்கும். நான்காவது ஐந்தாவதில்தான் ஏதாவது திறக்கும். ஓர் ஆசிரியை எழுதினார்: "மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள் போல." பிரிக்கப் போனால் இரண்டுமே கிழியும் என்று அவரே விளக்கினார். அரங்கு ஒரு கணம் அமைதியானது.

அப்புறம் மூலத்துக்குத் திரும்பினால், பல வருடங்களாக நடத்திய பாட்டு புதிதாகத் தெரிகிறது. நீர் நிலத்தின் நிறத்தை வாங்கிக்கொண்டது, நிலம் நீரின் ஈரத்தை வாங்கிக்கொண்டது, இரண்டும் பழைய நிலைக்குப் போக வழியில்லை. இதை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையை வைத்தே செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கிறோம். ஐந்து முறை தோற்ற பிறகு இந்தச் செய்தியைக் கேட்பதற்கும், நூற்குறிப்பில் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பழம்பாடலில் சொல்லே புரியாது. பொருள் சொல்லாமல் எப்படி நடத்துவது?

சொற்பொருளையும் பொழிப்புரையையும் பிரித்துக்கொள்ளுங்கள். அருஞ்சொற்களுக்குப் பொருளைப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடலாம், அதில் ஒளிக்க எதுவுமில்லை. முழு வரியின் பொருளை மட்டும் மாணவர் கையில் விடுங்கள்.

அதற்கும் முன்னால் ஓசை. பொருள் தெரியும் முன்பே காதுக்கு நிறையத் தெரிந்துவிடும். இந்தக் குறளைப் பாருங்கள்:

யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால்
சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு.

எண் 127. மாணவர்களை மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரே கேள்வி: சொல்லும்போது வாய் என்ன செய்கிறது? "கா, கா என்று திறந்துகொண்டே இருக்கிறது" என்பார்கள். எண்ணினால் ஐந்து முறை "கா" வருகிறது. கடைசி இரண்டு சீர்களில் என்ன ஆகிறது? "சொல்" என்று உதடு குவிகிறது, "ழு"வில் நாக்கு மடிகிறது, "ப்" என்று வாய் மூடுகிறது. இப்போது பொருளுக்கு வாருங்கள். வேறு எதைக் காக்காவிட்டாலும் நாவைக் காத்துக்கொள், இல்லையென்றால் சொல் வழுக்கித் துன்பப்படுவாய். ஓயாமல் திறக்கும் வாயைப் பற்றிய குறள் நம் வாயை ஓயாமல் திறக்க வைத்து, கடைசியில் மூடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

இன்னொரு வழி, ஏழு சீர்களையும் ஏழு துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வது. எது எதற்குப் பக்கத்தில் நிற்கும் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் கண்டுபிடிக்க முடியும்.

வகுப்பில் எந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்க வேண்டும்?

"இந்தப் பாடலில் கவிஞர் கூறும் கருத்து யாது?" என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1978இல் வெளியிட்ட நூலில் வாசிப்பை இரண்டு வகையாகப் பார்த்தார். ஒன்று, செய்தியை எடுத்துக்கொண்டு போவதற்கான வாசிப்பு. குழந்தை நச்சுத் திரவத்தைக் குடித்துவிட்டது, தாய் புட்டியின் மேல் ஒட்டியிருப்பதைப் பதறிப் படிக்கிறாள். அவளுக்கு வேண்டியது மாற்று மருந்து என்ன என்பது மட்டும், சொற்களின் அழகு அல்ல. மற்றது, படிக்கும் நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறதோ அதற்காகவே படிப்பது. நாம் கவிதையைக் கையில் கொடுத்துவிட்டு, புட்டியைப் படிப்பதற்கான கேள்விகளைக் கேட்கிறோம்.

மாற்றாக: எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கவிதை விழுந்துவிடும்? பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், கேட்பவர் முகம் எப்படி இருக்கும்? எந்த வரியில் குரல் மாறுகிறது? சொல்ல வந்து சொல்லாமல் விட்டது எது? இந்தக் கேள்விகளுக்குக் கைடில் விடை கிடையாது.

கேட்டபின் காத்திருக்க வேண்டும். பயிற்சியில் இதற்கென்றே ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்ட ஆசிரியர் மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும், மற்றவர்கள் அவரைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானோர் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன்.

மாணவர் தவறாகப் பொருள் சொன்னால் என்ன செய்வது? எல்லா விளக்கமும் சரி என்று விட்டுவிடுவதா?

விடக்கூடாது. "கவிதைக்கு யார் எந்தப் பொருளும் சொல்லலாம்" என்பது தாராள மனம் போலத் தோன்றும். உண்மையில் அது பிள்ளை சொன்னதைக் காதில் வாங்காமல் இருப்பதுதான். "எந்தச் சொல் உன்னை அப்படி நினைக்க வைத்தது?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னவரிடமும் இதையே கேட்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். சொல்லைக் காட்ட முடிந்தால் அந்த விளக்கம் மேசை மேல் இருக்கட்டும், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். காட்ட முடியாவிட்டால் மாணவரே விட்டுவிடுவார். சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நேராகத் திருத்திவிடுங்கள். அதில் எந்த நோவும் இல்லை.

வாய்விட்டுப் படிப்பதற்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும்?

நிறைய. அதற்கு நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதைத் தேர்வுக்கான பட்டியலாகத்தான் நடத்தியிருக்கிறோம். பயிற்சியில் இதைக் குரலுக்கு மாற்றுகிறேன். "கதவு திறந்திருக்கிறது." இந்த ஒரே வாக்கியத்தை எட்டு மெய்ப்பாட்டில் சொல்ல வேண்டும், கேட்பவர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அச்சமும் உவகையும் எளிதில் வந்துவிடும். இளிவரலில்தான் எல்லோரும் திணறுவார்கள். சிறுமைப்பட்டவர் குரல் எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போது அரங்கின் போக்கே மாறிவிடும்.

இதற்குப் பிறகு கவிதைக்குப் போகலாம். பாரதியின் அக்கினிக் குஞ்சு இதற்கு மிகவும் ஏற்றது. "வெந்து தணிந்தது காடு" என்பதை அச்சத்தோடு படிப்பதா, பெருமிதத்தோடு படிப்பதா? வகுப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு விதமாகவும் படிக்கச் சொல்லுங்கள். எது பொருந்துகிறது என்று அவர்கள் சண்டை போடும்போது பாட்டின் பொருளைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் வரும் "தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்" என்பதற்கு அகராதியில் பொருள் தேட முடியாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் நிறுத்திப் படித்துக் காட்டினால், ஏதோ குறைகிறது என்று வகுப்பே சொல்லும்.

மனப்பாடம் தேவையா?

தேவை. ஆனால் தண்டனை போல வேண்டாம். மேலே சொன்னபடி ஒரு கவிதையை ஏழெட்டு முறை வெவ்வேறு விதமாகப் படித்த வகுப்பில் பாதிப் பேருக்கு அது தானாகவே மனப்பாடமாகியிருக்கும். மீதிப் பேருக்குக் கரும்பலகையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சொற்களை அழித்துக்கொண்டே வாருங்கள். முடிந்தால் வருடத்துக்கு ஒரு கவிதையையாவது மாணவரே தேர்ந்தெடுக்கட்டும்.

எதுகை, மோனை, அணி இதெல்லாம் எப்போது?

காது கேட்ட பிறகு. "இந்த இரண்டு வரியும் எங்கேயோ ஒட்டிக்கொள்கிறதே, எங்கே?" என்று கேட்டு, மாணவர் இரண்டாம் எழுத்தைக் காட்டிய பிறகு, "இதற்கு நம் ஆட்கள் எதுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். தான் கண்டதற்குப் பெயர் கிடைத்தால் மறக்காது. மாணவர் எழுதும் கவிதையில் மட்டும் எதுகையை ஆரம்பத்திலேயே கட்டாயமாக்காதீர்கள். ஓசைக்காக ஏதாவது ஒரு சொல்லைத் திணித்து, சொல்ல வந்ததை விட்டுவிடுவார்கள்.

மாணவர்களைக் கவிதை எழுத வைப்பது எப்படி? "எழுது" என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இயற்கை என்ற தலைப்பில் ஒரு கவிதை எழுதுக" என்றால் யாருக்குமே வராது. தலைப்பு அத்தனை பெரியது. சிறிய கட்டுப்பாடு கொடுங்கள். கென்னத் கோக் என்ற கவிஞர் 1968இல் தொடங்கி நியூயார்க்கில் ஒரு தொடக்கப் பள்ளியில் இப்படித்தான் செய்தார். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி, அது "எனக்கு ஆசை" என்று தொடங்க வேண்டும், உள்ளே ஒரு நிறம், ஓர் ஊர், ஒரு சித்திரக்கதைப் பாத்திரம் வர வேண்டும். தாள்களை வாங்கி வரிசையாக அவரே உரக்கப் படித்தார், அது வகுப்பின் கவிதையானது. தன் வரி வரும்போது பிள்ளைகள் துள்ளினார்கள். அந்த அனுபவங்களை 1970இல் நூலாக வெளியிட்டார். பெரிய வகுப்புக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் பார்த்ததில்லை. நாற்பது பேர் இருந்தால் நாற்பது வரி.

சற்றுப் பெரிய மாணவர்களுக்கு நான் நாடுவது முதல், கரு, உரி. இலக்கண வகுப்பில் படித்த அதே மூன்றுதான், எழுதும் முறையாக மாறுகிறது. முதலில் ஓர் இடமும் ஒரு பொழுதும்: "பேருந்து நிறுத்தம்" போதாது, "விளக்கு எரியாத பேருந்து நிறுத்தம், இரவு ஏழரை" என்று வேண்டும். அடுத்து அங்கே இருக்கும் ஐந்து பொருள்கள், அவற்றில் குறைந்தது இரண்டு காதில் கேட்பதாகவோ கையில் படுவதாகவோ இருக்க வேண்டும். மூன்றாவது, மனதில் இருக்கும் உணர்வு. ஆனால் அதன் பெயரை எழுதக் கூடாது. அன்பு, சோகம், தனிமை, மகிழ்ச்சி எல்லாவற்றுக்கும் தடை. பொருள்களை மட்டும் வைத்து அது தெரிய வேண்டும். ஒரு பயிற்சியில் நானும் சேர்ந்து எழுதியது:

கடைசி மணியும் அடங்கிய பின்
சைக்கிள் நிறுத்துமிடத்தில்
ஒரே ஒரு சைக்கிள்.
அதன் நிழல்
மெல்லச் சுவர் ஏறுகிறது.

இதில் "தனிமை" என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், கவிதை உடனே அணைந்துவிடும். இந்தச் சோதனையை மாணவர்கள் முன்னால் செய்து காட்டுவது நல்லது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, அடித்து, மறுபடி எழுதுவதை அவர்கள் பார்க்க வேண்டும்.

எல்லோரும் நிலா, மழை, அம்மா என்று ஒரே மாதிரி எழுதுகிறார்களே?

அம்மாவைப் பற்றி எழுதுவதில் தவறே இல்லை. "அன்பின் உருவமே, தியாகச் சுடரே" என்று எழுதினால், அது எல்லோருடைய அம்மாவும்தான். "உன் அம்மா மட்டும் செய்யும் ஒன்றைச் சொல்லு" என்று கேளுங்கள். "கைபேசியை எங்கே வைத்தோம் என்று தேடும்போது அதே கைபேசி வெளிச்சத்தில் தேடுவார்" என்று ஒரு பையன் சொன்னான். அதை எழுது என்றேன். அதன் பிறகு அவன் எழுதியது ஒரு பக்கத்துக்கு நீண்டது.

ஹைக்கூவிலும் இதே நோய் வரும். மூன்று வரியாக உடைத்த பழமொழியை ஹைக்கூ என்று நினைத்துவிடுகிறார்கள். ஜப்பானிய மொழியின் ஐந்து, ஏழு, ஐந்து என்ற ஓசைக் கணக்கைத் தமிழில் எழுத்தெண்ணிப் பின்பற்றத் தேவையில்லை. ஒரு காட்சியைக் கண்டோமா என்று மட்டும் பாருங்கள்.

மாணவர் எழுதிய கவிதைக்கு மதிப்பெண் போடலாமா?

முதல் வரைவுக்கு வேண்டவே வேண்டாம். மதிப்பெண் வந்த நொடியில் பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த மாதிரி எழுத ஆரம்பிப்பார்கள். கட்டாயம் போட வேண்டிய இடத்தில், கவிதையின் "அழகு"க்குப் போடாதீர்கள். முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் நடுவில் என்ன மாறியது, ஏன் மாற்றினேன் என்று மாணவர் இரண்டு வரி எழுதட்டும், அதற்குப் போடலாம். தேய்ந்த சொல்லை எடுத்துவிட்டுத் தான் பார்த்ததை வைத்திருக்கிறாரா, அதற்கும் போடலாம்.

ஓரத்தில் குறிப்பு எழுதும்போது "அருமை", "நன்று" என்று நிறுத்தாதீர்கள். "மூன்றாம் வரியில் அந்தச் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது" என்று எழுதுங்கள். பிள்ளைகள் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை. தேர்வும் இருக்கிறது.

இந்தக் கவலை நியாயமானது. எல்லாச் செய்யுளையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். பருவத்துக்கு இரண்டு கவிதைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு இரண்டிரண்டு பாடவேளை முழுதாகக் கொடுங்கள். மற்றவற்றை வழக்கம்போல நடத்துங்கள், பொருள் சொல்லும் முன் இரண்டு முறை உரக்கப் படிப்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லைக் காட்டிக் காரணம் சொல்லப் பழகிய மாணவர், முன்பின் பார்க்காத பாடல் வினாத்தாளில் வந்தாலும் பயப்பட மாட்டார்.

எழுதவே தடுமாறும் மாணவர்கள் என்ன செய்வார்கள்?

சொல்லட்டும், வேறொருவர் எழுதிக்கொள்ளட்டும். எழுத்துப்பிழை திருத்தம் இன்னொரு நாளைக்கு. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் கவிதையில் முந்துவதை அடிக்கடி பார்க்கிறேன். வரி சின்னது, முழு வாக்கியம் வேண்டாம், காதால் கேட்டுப் பழகியதே போதும். பேச்சு வழக்கில் எழுதினால் அப்படியே விடுங்கள்.

மாணவர் வீட்டுத் துயரத்தையோ, பயமூட்டும் எதையோ எழுதிக் கொடுத்தால்?

இதைப் பயிற்சியில் கட்டாயம் பேச வேண்டும், பெரும்பாலும் பேசுவதில்லை. "யாரும் படிக்க வேண்டாம் என்று நினைத்தால் தாளை மடித்துக் கொடுக்கலாம்" என்று எழுத ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மடித்த தாளை வகுப்பில் படிக்கவே கூடாது. ஆனால் நீங்கள் படிப்பீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அதைக் கவிதையாகப் பார்ப்பதை நிறுத்துங்கள். தனியாகக் கூப்பிட்டு, "நீ எழுதியதைப் படித்தேன், கேட்க நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தாமதிக்காமல், பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோங்கள்.

ஒரு நாள் பயிற்சி போதுமா?

போதாது. ஒரு நாளில் உற்சாகம் வரும், அடுத்த வாரம் வகுப்புக்குள் போனதும் பழைய வரிசையே திரும்பி வரும். முதலில் இரண்டு நாள், பிறகு மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரச் சந்திப்பு என்று ஒரு வருடம் போனால்தான் பழக்கம் மாறுகிறது. அந்தச் சந்திப்புக்கு ஒவ்வொருவரும் தான் நடத்திய கவிதை ஒன்றும், மாணவர் எழுதிய பக்கம் ஒன்றும் கொண்டுவர வேண்டும். மாணவர் பெயரை மறைத்துவிடுங்கள். "எங்கே சொதப்பியது?" என்பதிலிருந்து பேச்சு தொடங்கட்டும். வெற்றிக் கதைகளைவிட அதில்தான் மற்றவர்களுக்குக் கற்க நிறைய இருக்கும்.

முடிந்தால் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காருங்கள். ஆசிரியரை மதிப்பிட வேண்டாம். ஒரே ஒரு மாணவரைப் பாடவேளை முழுதும் கவனித்து, எப்போது நிமிர்ந்தார், எப்போது சன்னலைப் பார்த்தார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

கருத்தாளர் கவிஞராக இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. கவிஞர் அரை நாள் வந்து தன் அடித்தல் திருத்தல்களைக் காட்டினால், எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும். மீதி நாளை, வகுப்பறையில் இதைச் செய்து பார்த்த ஓர் ஆசிரியர் நடத்தட்டும்.

முதன்முதலில் எந்தக் கவிதையை எடுத்துக்கொண்டு போவது?

பத்து, பன்னிரண்டு வரிக்கு மேல் போகாதது. உங்களுக்கு உண்மையாகவே பிடித்தது. நீதி சொல்லும் கவிதைகளை முதல் மாதத்தில் தவிர்த்துவிடலாம், ஏனென்றால் பிள்ளைகள் நீதியை மட்டும் பிடுங்கிக்கொண்டு கவிதையை விட்டுவிடப் பழகியிருக்கிறார்கள். அதோடு, உங்களுக்கே ஒரு வரி சரியாகப் பிடிபடாத கவிதையாக இருந்தால் மிகவும் நல்லது. அந்த வரி வந்ததும், "இது எனக்கும் பல நாளாகப் புரியவில்லை, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்துகொள்ளுங்கள்.